கீவே மூலையில் விரிசல்: எஃகை மாற்றுவதா, செய்முறையை மாற்றுவதா?

#1 சுழலி

வணக்கம். ஒரு கப்ளிங் ஷாஃப்ட் பற்றிய கேள்வி. தெரிந்த விவரம் எல்லாவற்றையும் தருகிறேன், விட்டுப்போனது இருந்தால் கேளுங்கள்.

மொத்த நீளம் 320 மி.மீ. கப்ளிங் உட்காரும் இடம் 40 விட்டம். அதில் 12×8 கீ (ஷாஃப்ட்டையும் கப்ளிங்கையும் பூட்டும் ஆப்பு; அது உட்காரும் பள்ளம்தான் கீவே), நீளம் 50, இரு முனையும் வளைந்தது. அதை அடுத்து 45 விட்டத்தில் ஆயில் சீல் இடம், பிறகு இரண்டு 6209 பேரிங் இடங்கள். முறுக்குவிசை 400 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு 1440 சுற்று. பொருள் 1045 (0.45 சதவீத கார்பன் எஃகு), 50 மி.மீ. பிளாக் பார் (சூட்டில் உருட்டி, மேல்தோல் நீக்காதது).

இப்போதுள்ள வரிசை: லேத்தில் கடைந்து, கிரைண்டிங்குக்கு விட்டத்தில் 0.3 விட்டு, கீவேயையும் மில் செய்து முடித்தபின் 850 டிகிரியில் சூடேற்றித் தண்ணீரில் முக்குகிறார்கள். மறுநாள் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் டெம்பரிங் (நொறுங்கும் தன்மையைக் குறைக்க மறுபடி சூடாக்குவது). அதன் பிறகு கிரைண்டிங். "முழு ஷாஃப்ட்டும் 50–55 ராக்வெல் சி" என்று வரைபடத்தில் கடினத்தன்மை கேட்டிருக்கிறது.

கீவேயின் அடிமூலையில் தொடங்கி நீளவாக்கில் விரிசல் ஓடுகிறது. சிலவற்றில் டெம்பரிங்குக்கு முன்பே கண்ணுக்குத் தெரிகிறது, சிலவற்றில் கிரைண்டிங் முடிந்தபின்தான். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த 4340 எஃகுக்கு மாறினால் தீருமா? இன்னொன்று: கப்ளிங் முனையில் பக்கவாட்டு விசை வரும்போது ஷாஃப்ட் அளவுக்கு மேல் வளைந்துகொடுக்கிறது. வலுவான எஃகு அதையும் சரிசெய்யுமா?

#2 உலைத்தீ

தண்ணீர்த் தொட்டியை அப்படியே வைத்துக்கொண்டு 4340-க்கு மாறினால் விரிசல் கூடும், குறையாது. எஃகைத் தேர்ந்தெடுக்கும் அந்த நிமிடமே அதை எதில் குளிர்விக்க வேண்டும் என்பதும் முடிவாகிவிடுகிறது. இரண்டையும் தனித்தனியாக மாற்ற முடியாது.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். குவெஞ்ச் செய்த (சூட்டிலிருந்து சட்டென்று குளிர்வித்த) எஃகு அதிகபட்சம் எவ்வளவு கடினமாகும் என்பது ஏறக்குறைய கார்பனை மட்டுமே சார்ந்தது. 0.2 சதவீதம் கார்பன் என்றால் 45 ராக்வெல் சி வாக்கில், 0.4 என்றால் 56–57, 0.6 என்றால் 64 வரை. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் எல்லாம் அந்த உச்சத்தை உயர்த்துவதில்லை. மெதுவாகக் குளிர்ந்தாலும், தடிமனான பகுதியின் உள்ளே வரைக்கும் அந்தக் கடினத்தன்மை கிடைக்கும்படி செய்வதுதான் அவற்றின் வேலை. 1045-இல் அவை இல்லை. அதனால் 40 மி.மீ. தண்டை எண்ணெயில் போட்டால் மேற்பரப்பே சரியாக ஏறாது, தண்ணீருக்குப் போக வேண்டியிருக்கிறது. 4340-உம், குரோமியமும் மாலிப்டினமும் கலந்த 4140-உம் எண்ணெயிலேயே ஏறும்.

தண்ணீரில் நடப்பது இது. 1045-இல் மார்ட்டென்சைட் (குவெஞ்சில் பிறக்கும் கடினமான கட்டமைப்பு) உருவாகத் தொடங்கும் வெப்பநிலை ஏறத்தாழ 320 டிகிரி. சூட்டில் இருக்கும் ஆஸ்டெனைட் கட்டமைப்பு மார்ட்டென்சைட்டாக மாறும்போது பருமன் 4 சதவீதம் வரை விரிகிறது. வெளித்தோல் முதலில் மாறி இறுகிவிடும். உள்பகுதி பின்னால் மாறி விரியும்போது, ஏற்கெனவே நொறுங்கும் தன்மைக்கு வந்துவிட்ட தோலை உள்ளிருந்து பிளக்கப் பார்க்கும். அந்த இழுதகைவு எங்கே குவியும்? கூர்மூலையில். சாதாரண எண்ட் மில் கட்டர் விட்டுப்போகும் கீவே அடிமூலையில் ஆரம் என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. போதாததற்கு, பள்ளத்தில் நீராவி சிக்கிக்கொண்டு அடிப்பகுதி மெதுவாகவும் விளிம்பு வேகமாகவும் குளிரும். ஒரே இடத்தில் மூன்று கேடுகள்.

"மறுநாள் டெம்பரிங்" நான்காவது. குவெஞ்ச் முடிந்து பொருள் 50–70 டிகிரிக்கு வந்ததும், கையில் பிடிக்கக்கூடிய சூட்டிலேயே டெம்பரிங் உலைக்குப் போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளக்கூடாது. ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடக்கும் ஷாஃப்ட்டில் உள்தகைவு அப்படியே இருக்கிறது. யாரும் தொடாமலே விரிசல் விடும்.

இருந்தாலும் எல்லா விரிசலும் குவெஞ்சில் வந்தது என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். ஒரு ஷாஃப்ட்டை விரிசல் வழியாக உடைத்துத் திறந்து உள்முகத்தைப் பாருங்கள். மூன்றில் ஒன்றாக இருக்கும்.

விரிசல் முகத்தில் வெளிர் மஞ்சள் படலம் இருந்தால் டெம்பரிங் உலையில் காற்று பட்டிருக்கிறது, அதாவது டெம்பரிங்குக்கு முன்பே பிளந்தது. குவெஞ்ச் விரிசல்.

கறுத்த தடித்த ஸ்கேல் இருந்து, வெட்டிப் பாலிஷ் செய்து 2 சதவீத நைட்டால் (நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்தது) தடவிப் பார்க்கையில் விரிசலின் இரு கரையிலும் கார்பன் இழந்த வெள்ளைப் பட்டை தெரிந்தால், அது பாரிலேயே இருந்த சீம் (நீளவாக்குப் பிளவு). உருட்டாலையில் உண்டானது, உலையில் நீங்கள் செய்த எதுவும் அதற்குக் காரணமில்லை. சீம் பெரும்பாலும் அச்சுக்கு இணையாக, ரூலர் வைத்து இழுத்ததுபோல் நேராக ஓடும்; கீவேயோடு தொடர்பே இல்லாமலும் இருக்கும்.

உள்முகம் பளிச்சென்று இருந்து ஆழமும் மிகக் குறைவென்றால் கிரைண்டிங் விரிசலாக இருக்கலாம். அவை ஒன்றாக வருவதில்லை. குட்டையாக, ஒன்றுக்கொன்று இணையாக, கிரைண்டிங் திசைக்குக் குறுக்காக வரும். இல்லாவிட்டால் வலைபோலப் பின்னியிருக்கும்.

#3 அளவுகோல்

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இங்கே நிறையப் பேர் பணத்தை வீணாக்குகிறார்கள்.

வளைவு வலிமையைச் சார்ந்ததில்லை, விறைப்பைச் சார்ந்தது. எஃகின் யங் குணகம் சுமார் 205 கிகாபாஸ்கல். 1020-க்கும் அதுதான், 1045-க்கும் அதுதான், 4340-க்கும் அதுதான். நார்மலைஸ் செய்தாலும் (சூடாக்கிக் காற்றில் ஆறவிட்டாலும்) 55 ராக்வெல் சி-க்கு ஏற்றினாலும் அந்த எண் கணிசமாக நகராது. ஆக, அதே அளவில் விலை உயர்ந்த எஃகைப் போட்டால் ஷாஃப்ட் அதே அளவுதான் வளையும். நிரந்தரமாக வளைந்து நின்றுவிடும் எல்லை மட்டும் தள்ளிப்போகும்.

வளைவைக் குறைக்க வழி வடிவத்தில் இருக்கிறது. வளைவு விட்டத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ். 40-ஐ 45 ஆக்கினால் விறைப்பு 1.6 மடங்கு, 50 ஆக்கினால் 2.4 மடங்கு. பேரிங்குக்கு வெளியே தொங்கும் நீளத்தின் பங்கும் பெரிது. ஷாஃப்ட்டின் அந்தப் பகுதி தன்னளவில் வளைவது நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதம். தொங்கல் 80 மி.மீ. என்றிருந்து அதை 60 ஆக்க முடிந்தால் அது 42 சதவீதமாகக் குறையும். கப்ளிங்கைப் பேரிங் பக்கம் தள்ள இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வலிமைக் கணக்கும் போட்டுவிடுவோம். 40 விட்டத்தில் 400 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குத் தகைவு 16T/πd³, அதாவது 32 மெகாபாஸ்கல். கீவே மூலையின் தகைவுக் குவிப்பை 3 என்று எடுத்தாலும் 96. நார்மலைஸ் செய்த 1045-இன் இழுவை ஈல்டு சுமார் 350, நறுக்கு ஈல்டு அதில் 0.577 பங்கு, 200 வாக்கில். நிலையான சுமைக்குச் சாதாரண 1045 தாராளமாகப் போதும். அடிக்கடி நின்று ஓடும் இயந்திரம், அதிர்ச்சிச் சுமை, பக்கவாட்டு விசையால் சுழலும்போது மாறிமாறி வரும் வளைவுத் தகைவு இதெல்லாம் இருந்தால் களைப்புக் கணக்குப் போட வேண்டும். அதற்குக்கூட 4340 முதல் பதில் கிடையாது. மூலை ஆரமும் மேற்பரப்பும்தான் முதலில் வரும்.

கீயையும் பாருங்கள். கீ தாங்கும் விசை 400 ÷ 0.02, ஆக 20,000 நியூட்டன். வளைந்த முனைகளைக் கழித்தால் 50-இல் பயனுள்ள நீளம் 38 மட்டுமே. ஹப் பக்கம் கீ நுழைந்திருக்கும் உயரம் 3 மி.மீ. அழுத்தத் தகைவு 175 மெகாபாஸ்கல் வருகிறது. இந்த அமைப்பில் முதலில் நசுங்கப்போவது கீயோ ஹப்போ, ஷாஃப்ட் இல்லை. ஆக 50 ராக்வெல் சி தேவைப்படுவது எங்கே? சீல் உதடு உரசும் பட்டையில் மட்டும். முழு ஷாஃப்ட்டுக்கும் அதைக் கேட்ட அந்த ஒரு வரிதான் விரிசலுக்கு வழி திறந்திருக்கிறது.

#4 சுழலி

மிக்க நன்றி. ஐந்து ஷாஃப்ட்டைத் திறந்து பார்த்தாகிவிட்டது. நான்கில் கீவே மூலையிலிருந்து 6–8 மி.மீ. ஆழம் வரை வெளிர் மஞ்சள். ஒன்றில் விரிசல் கீவேக்கு நேர் எதிர்ப்புறம், முழு நீளத்துக்கும் நேர்கோடாக, உள்ளே கறுப்பு. உலைத்தீ சொன்ன சீம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சீல் பட்டையை மட்டும் கடினப்படுத்துவது என்றால் எந்த எஃகு, எந்த வரிசை?

#5 கடைசல்மேடை

இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி: ஏற்கெனவே ஹார்டனிங், டெம்பரிங் முடிந்து 28–32 ராக்வெல் சி-யில் வரும் 4140 பார் வாங்குவது. நேராக லேத்துக்குப் போகலாம். இரண்டாவது: 1045-ஐ நார்மலைஸ் செய்து கடைவது. இரண்டிலும் சீல் இடத்தை மட்டும் பிறகு இண்டக்ஷனில் (மின்சுருளால் மேற்பரப்பை மட்டும் சூடாக்கிக் குளிர்வித்து) ஏற்றிக்கொள்ளலாம். அளவுகோல் போட்ட கணக்குப்படி உங்களுக்கு 1045-ஏ போதும். அதிர்ச்சிச் சுமை இருந்தால் 4140.

பாரில் கவனிக்க வேண்டியது மேல்தோல். பிளாக் பாரின் மேல் ஸ்கேல், அதற்குக் கீழே கார்பன் இழந்த அடுக்கு, அதற்குள் ஒளிந்திருக்கும் சீம். 50 பாரிலிருந்து 45 எடுக்கிறீர்கள், பக்கத்துக்கு 2.5 மி.மீ. போகிறது. அளவு சரிதான், ஆனால் பாரே வளைந்திருந்து, நேர்செய்யாமல் சென்டர் போட்டால் ஒரு பக்கம் 4 போகும், மறுபக்கம் 1 தான் போகும். குறைவாகப் போன அந்தப் பக்கத்தில் சீம் மிஞ்சும். எதிர்ப்புறத்து விரிசலுக்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். சென்டர் போடுமுன் பாரின் ஓட்டத்தை (சுற்றும்போது காட்டும் விலகலை) டயலில் பாருங்கள்.

பிரைட் பார் வாங்கலாமே என்று தோன்றும். குளிர்நிலையில் இழுத்த பாரின் தோலில் உள்தகைவு நிறைந்திருக்கும். ஒரே பக்கம் கீவே வெட்டியதும் சமநிலை குலைந்து ஷாஃப்ட் வளையும். லேத்திலிருந்து நேராக வந்தது மில்லிங்குக்குப் பிறகு ஓட்டம் காட்டினால் மில்லிங்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. பிரைட் பார்தான் என்றால் ரஃப் கடைசலுக்குப் பிறகு 550–600 டிகிரியில், ஒவ்வொரு 25 மி.மீ. தடிமனுக்கும் ஒரு மணி நேரம் வைத்து, உலையோடு ஆறவிட்டு, பிறகு ஃபினிஷ் செய்யுங்கள். முன்கடினப்படுத்திய 4140-க்கு அந்த வெப்பநிலை முந்தைய டெம்பரிங்கைவிட 30 டிகிரியாவது குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடினம் இறங்கிவிடும்.

வெட்டும் அளவுகள், 28–32 ராக்வெல் சி 4140-க்கு: கார்பைடில் நிமிடத்துக்கு 120 மீட்டர், 45 விட்டத்தில் 850 சுற்று. ரஃப் ஃபீட் சுற்றுக்கு 0.25, ஆழம் 2 மி.மீ. கிரைண்டிங்குக்கு விட்டத்தில் 0.3 சரி.

கீவேயை 12 கட்டரை ஒரே மூச்சில் ஓட்டி எடுக்காதீர்கள். கட்டர் ஒரு பக்கம் சாயும், அகலம் அளவை மீறும். 10 மி.மீ. கார்பைடு எண்ட் மில், முனையில் 0.3 ஆரம் உள்ளது. 2500 சுற்று, நான்கு பல், பல்லுக்கு 0.04, ஃபீட் நிமிடத்துக்கு 400. நடுவில் ஆழம் 5 வரை படிப்படியாக இறங்கிவிட்டு, பிறகு இரு பக்கச் சுவரையும் தனித்தனியாக ஃபினிஷ். அகலம் 12-க்கு பி9 (இறுக்கமான அகல எல்லை) என்றால் மைனஸ் 0.018 முதல் மைனஸ் 0.061 வரை. அந்த 0.3 ஆரம் அலங்காரத்துக்கு இல்லை. 12×8 கீக்குத் தரநிலையே அடிமூலையில் 0.25 முதல் 0.40 வரை கேட்கிறது. கீயின் விளிம்பில் அதைவிடப் பெரிய சாய்வு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கீ மூலையில் ஏறி உட்காரும்.

கீவேயின் முனை 40-லிருந்து 45-க்கு ஏறும் தோளின் ஃபில்லட்டுக்குள் (மூலை வளைவுக்குள்) போகக்கூடாது. இரண்டு தகைவுக் குவிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். குறைந்தது 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். பேரிங் தோளில் ஃபில்லட் 1.0-ஐத் தாண்டக்கூடாது, 6209-இன் உள்முனை ஆரம் குறைந்தபட்சம் 1.1. தாண்டினால் பேரிங் தோளில் முழுதாக உட்காராது.

#6 தூண்டல்சுருள்

இண்டக்ஷன் பகுதியை விட்டுவிட்டுப் போய்விட்டார், நான் சேர்க்கிறேன்.

முதலில் எவ்வளவு கடினம் வேண்டும்? 45 விட்டம், 1440 சுற்று: மேற்பரப்பு வேகம் நொடிக்கு 3.4 மீட்டர். நொடிக்கு 4 மீட்டருக்குள் என்றால் சீல் பட்டைக்கு 45 ராக்வெல் சி போதும், அதைத் தாண்டினால் 55 கேட்பார்கள். 1045-இல் இண்டக்ஷன் முடிந்து, 170 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் டெம்பர் செய்தபின்னும் 50-க்கு மேல் எளிதாக நிற்கும்.

அதிர்வெண் ஆழத்தைத் தீர்மானிக்கிறது. 770 டிகிரியைத் தாண்டி எஃகு காந்தத்தன்மையை இழந்தபின், 10 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் ஊடுருவும் ஆழம் சுமார் 5.3 மி.மீ.; 100 கிலோஹெர்ட்ஸில் 1.7. கிரைண்டிங்குக்குப் பிறகு 1.5–2 மி.மீ. கடின அடுக்கு வேண்டுமென்றால் 10 கிலோஹெர்ட்ஸில் அதிகத் திறன், குறைந்த நேரம் என்று ஓட்டலாம். மெதுவாகச் சூடாக்கினால் வெப்பம் உள்ளே ஓடி அடுக்கு தடித்துவிடும்.

இண்டக்ஷனில் பொருள் சூட்டில் இருப்பது சில நொடிகள். கார்பைடு கரைய நேரமில்லை என்பதால் வெப்பநிலையை உலையைவிட மேலே, 880–900 வரை கொண்டுபோக வேண்டும். முன்னிருந்த கட்டமைப்பும் பார்க்க வேண்டும். நார்மலைஸ் செய்தது அல்லது ஹார்டன்-டெம்பர் செய்தது நன்றாக ஏறும். வெட்டுவதற்கு வசதி என்று உருண்டைக் கார்பைடாக அனீல் செய்த பாரைக் கொடுத்தால் திட்டுத்திட்டாக மென்மை நிற்கும், சுருளையும் ஜெனரேட்டரையும் எவ்வளவு மாற்றினாலும் போகாது. கார்பன் இழந்த தோல் மிஞ்சியிருந்தாலும் அதே கதைதான்: உள்ளே கடினம், மேலே அரம் கடிக்கும்.

கடினப்பட்டை எங்கே முடிகிறது என்பதை வரைபடத்தில் அளவு போட்டுக் காட்டுங்கள். பட்டையின் ஓரத்தில் இழுதகைவு குவியும். அந்த ஓரம் சரியாக ஃபில்லட்டில் விழுந்தால், களைப்பு முறிவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தோளுக்கு 5 மி.மீ. முன்பே முடியட்டும், அல்லது ஃபில்லட் முழுவதையும் கடினப்படுத்திவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கக்கூடாது.

குளிர்விக்க 8–12 சதவீதப் பாலிமர் தெளிப்பு. வெறும் தண்ணீர் வேண்டாம். பக்கத்தில் படி, துளை இருந்தால் பாலிமர் நிச்சயம்.

கிரைண்டிங்கில் மந்தமான வீல், அதிக வெட்டு, குறைந்த கூலண்ட் மூன்றும் சேர்ந்தால் மேற்பரப்பு மறுபடி சூடாகி உடனே குளிரும், அதிலேயே விரிசல் வரும். சந்தேகமிருந்தால் 3–5 சதவீத நைட்டால் தடவிப் பாருங்கள். கறுத்த திட்டு என்றால் சூட்டில் மென்மையாகியிருக்கிறது. அதன் நடுவே வெள்ளைத் திட்டு என்றால் மறுபடி கடினமாகியே விட்டது. சீல் பட்டையை வீலை நேராக உள்ளே செலுத்தி, பக்கவாட்டு நகர்வு இல்லாமல் கிரைண்ட் செய்யுங்கள். நகர்த்தினால் கண்ணுக்குத் தெரியாத திருகுக்கோடு உருவாகி, எண்ணெயை வெளியே பம்ப் செய்யும். மேற்பரப்புச் சொரசொரப்பு ஆர்.ஏ. 0.2–0.8 மைக்ரான். அதைவிட மழமழப்பாக்கினால் உதட்டுக்கு அடியில் எண்ணெய்ப் படலம் நிற்காது.

#7 உலைத்தீ

தூண்டல்சுருள் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். இண்டக்ஷன் வசதி இல்லாத இடத்தில் "அப்போ முடியாது" என்று ஆகிவிடக்கூடாது. வரிசையை மாற்றினால் உலையிலும் செய்யலாம்: ரஃப் கடைசல், விட்டத்தில் 1.5–2 மி.மீ. மிச்சம், எல்லாத் தோளிலும் 3 மி.மீ. ஆரம், கீவே இல்லாமல் ஹார்டனிங், உடனே 550 டிகிரியில் டெம்பர். 25–30 ராக்வெல் சி வரும். பிறகு ஃபினிஷ், கடைசியில் கீவே. சீல் இடத்துக்குக் கடினப்படுத்திய புஷ் ஒன்றைச் சூடேற்றி ஏற்றிவிடலாம். தேய்ந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றலாம், ஷாஃப்ட் பிழைக்கும்.

தண்ணீர் என்றால் 20–30 டிகிரி. 40-ஐத் தாண்டினால் ஆவிப்படலம் நீண்டநேரம் ஒட்டிக்கொண்டு மென்திட்டுகள் விழும். ஷாஃப்ட்டைச் செங்குத்தாக இறக்கி மேலும் கீழும் அசைக்க வேண்டும். கிடையாகப் போட்டால் ஒரு பக்கம் முதலில் குளிர்ந்து வளையும்.

#8 சுழலி

தெளிவாகிவிட்டது. இரண்டு கிளைக்கேள்வி. விரிசல் விட்டவற்றை வி-வடிவில் குடைந்து வெல்டிங் செய்து காப்பாற்றலாமா? சீல் இடத்தில் ஹார்ட் குரோம் போட்டால் இண்டக்ஷனையே தவிர்க்கலாமா?

#9 பற்றாசு

முதல் கேள்விக்கு: வேண்டாம், கழித்துவிடுங்கள்.

வெல்டிங்குக்கு ஏற்றதா என்று பார்க்கக் கார்பன் சமானம் போடுவோம்: கார்பன், அதோடு மாங்கனீஸ் ÷ 6, குரோமியமும் மாலிப்டினமும் வனேடியமும் சேர்த்து ÷ 5, நிக்கலும் தாமிரமும் சேர்த்து ÷ 15. 1045-க்கு 0.46 + 0.75/6, அதாவது 0.58 வாக்கில். 4140-க்கு 0.78 வரை போகும். 0.45-ஐத் தாண்டினாலே பிரீஹீட் (முன்சூடு) இல்லாமல் தொடக்கூடாது. உங்களுடையது அதற்கு மேலேயும் 50 ராக்வெல் சி-யில் இருக்கிறது. ஆர்க் பட்ட ஓரம் மறுபடி நொறுங்கும் மார்ட்டென்சைட் ஆகும், ஹைட்ரஜன் சேர்ந்தால் இரண்டு நாள் கழித்து அங்கேயே பிளக்கும். விரிசலின் நுனி எங்கே முடிகிறது என்பதும் குடையும்போது நிச்சயமாகத் தெரியாது. சுழலும் பாகத்தில், கீவேயில், இதைச் செய்யவே கூடாது.

தேய்ந்த 4140 ஷாஃப்ட்டின் சீல் இடத்தை நிரப்புவது வேறு விஷயம், அது செய்யக்கூடியது. 250–300 டிகிரி பிரீஹீட். பாஸ்களுக்கு இடையிலும் அதற்குக் கீழே இறங்கவிடக்கூடாது. 7018 எலெக்ட்ரோடை 300–350 டிகிரியில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் காயவைத்து, 120 டிகிரிப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். முடிந்ததும் கம்பளம் சுற்றி மெதுவாக ஆறவிட்டு, பழைய டெம்பரிங் வெப்பநிலைக்குக் கீழே தகைவு நீக்கம். சோதனை 48 மணி நேரம் கழித்து. அன்றைக்கே பார்த்து "விரிசல் இல்லை" என்று எழுதுவதில் அர்த்தமில்லை. ஆனால் தேய்வு பள்ளம் சிறிதாக இருந்தால், கால் மி.மீ. தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகுச் சட்டையை மேலே ஏற்றுவது இதையெல்லாம்விடப் பாதுகாப்பு.

இரண்டாவது கேள்வி: குரோம் போடலாம், ஆனால் அதன் கீழே மென்மையான எஃகு இருந்தால் முட்டையோடு கதைதான், அழுத்தம் பட்டால் உடைந்து உரியும். அடிப்பரப்பு கடினமாக இருந்தால் ஹைட்ரஜன் பிரச்சினை. 39 ராக்வெல் சி-க்கு மேலுள்ள எஃகில் முலாம் பூசினால், சில மணி நேரத்துக்குள் 190–220 டிகிரியில் வைத்து, குறைந்தது 8 மணி நேரம், கடினம் கூடக்கூட 24 மணி நேரம் வரை, ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். 170-இல் டெம்பர் செய்த பட்டையை 200-இல் வைத்தால் கடினம் இறங்கும். எனவே குரோம் உறுதி என்றால் டெம்பரிங்கை முன்கூட்டியே 220-க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல், குரோம் அடுக்கில் இயல்பாகவே உள்ள நுண்விரிசல்கள் களைப்பு வலிமையைக் குறைக்கும், ஃபில்லட்டின்மேல் ஏற விடாதீர்கள்.

#10 சுழலி

குரோம் யோசனையை விட்டுவிட்டேன். இதே ஷாஃப்ட்டின் இன்னொரு வகையில் முனையில் 120 விட்டம், 15 தடிமன் ஃபிளாஞ்ச் வருகிறது. 125 பாரிலிருந்து முழுதாகக் கடைவதா? வார்ப்பில் எடுக்கலாமா?

#11 சம்மட்டி

125 பார், 320 நீளம்: கிட்டத்தட்ட 31 கிலோ. 50 பார் அதே நீளத்துக்கு 5 கிலோ. வித்தியாசம் முழுதும் சில்லாகப் போகும், லேத் நேரமும் போகும். ஒன்றிரண்டு வேண்டுமென்றால் சரி. எண்ணிக்கை இருந்தால் ஃபோர்ஜிங்.

50 பாரின் முனையைச் சூடாக்கி அப்செட் செய்தால் (நீளவாக்கில் அழுத்தித் தடிக்க வைத்தால்) போதும். கணக்கு நேரடியானது: 120×15 ஃபினிஷுக்கு 125×20 வேண்டும். (125/50)² × 20 = 125 மி.மீ. நீள பார் அந்த ஃபிளாஞ்சாக மாறும். அது விட்டத்தின் 2.5 மடங்கு. பிடிமானம் இல்லாத நீளம் விட்டத்தின் 3 மடங்குக்குள் இருந்தால் ஒரே அழுத்தில் வளையாமல் தடிக்கும், அதைத் தாண்டினால் நடுவில் வளைந்து மடிப்பு விழும். இங்கே எல்லைக்குள் இருக்கிறது. மடிப்பு விழுந்தது வெளியே தெரியாமல் உள்ளே மூடிக்கொண்டுவிடும், பிறகு ஹார்டனிங்கில் விரிசலாக வெளிவரும் என்பதால் இந்த எல்லையை விளையாட்டாக எடுக்காதீர்கள். உலையிலிருந்து எடுக்கும்போது 1200 டிகிரி, 900-க்குக் கீழே இறங்கினால் அடிக்காமல் மறுபடி உலைக்கு. முனையைப் பாருக்கு நேர்குறுக்காக, பிசிறு இல்லாமல் வெட்டியிருக்க வேண்டும். சாய்வாக வெட்டினால் ஃபிளாஞ்ச் ஒரு பக்கம் ஒதுங்கும். முடிந்தபின் 4140 என்றால் 870–900-இல் நார்மலைசிங் அவசியம், ஃபோர்ஜ் சூட்டில் பெருத்த படிகத்தைச் சிறிதாக்க.

எடைக் கணக்கைவிட முக்கியமானது இழையோட்டம். பாரில் நீளவாக்கில் ஓடும் இழை, அப்செட் செய்யும்போது வளைந்து ஃபிளாஞ்சுக்குள் போகும். 125 பாரைக் கடைந்தால் ஃபிளாஞ்சின் வேரில் இழை அறுபட்டு நிற்கும். அங்கேதான் வளைவுத் தகைவும் அதிகம்.

வார்ப்பு: நோடுலர் இரும்பில் (உருண்டைக் கிராஃபைட் வார்ப்பிரும்பு) ஷாஃப்ட் வார்ப்பதுண்டு, விறைப்பு 170 கிகாபாஸ்கல் வாக்கில்தான். ஏற்கெனவே வளைகிறது என்கிறீர்கள், அதனால் இங்கே பொருந்தாது. ஃபிளாஞ்சை மட்டும் தனி ஹப்பாக வார்த்து ஏற்றலாம்.

12எல்14 போன்ற ஈயம், கந்தகம் கலந்த எஃகை யாராவது "சீக்கிரம் கடையலாம்" என்று பரிந்துரைத்தால் ஏற்காதீர்கள். கார்பன் 0.15-க்குள், நேரடியாகக் கடினமாகாது, வெல்டிங்கில் சூட்டுவிரிசல்.

#12 காந்தப்பொடி

விரிசலைக் காட்டும் காந்தப்பொடிச் சோதனை பற்றி யாரும் சொல்லவில்லை. கீவே விரிசல், சீம், கிரைண்டிங் விரிசல் மூன்றும் இங்கே அச்சுக்கு இணையாகத்தான் ஓடும். சுருளுக்குள் ஷாஃப்ட்டை வைத்துக் காந்தமேற்றினால் புலமும் அச்சுக்கு இணையாக ஓடும், விரிசல் காட்டவே காட்டாது. மின்னோட்டத்தை ஷாஃப்ட் வழியாகவே, முனைக்கு முனை அனுப்ப வேண்டும். விட்டத்தில் மி.மீ.க்கு 12 முதல் 32 ஆம்பியர். 45 விட்டத்துக்கு 540-இலிருந்து 1440 ஆம்பியர் வரை. முனைத் தொடர்பில் செம்பு வலை வையுங்கள், பொறி விழுந்த இடம் தானே ஒரு கடினப்புள்ளி ஆகும்.

இரண்டு முறை செய்யுங்கள்: பார் கடைந்ததும் ஒருமுறை, சீமைக் கழிக்க, கிரைண்டிங்குக்குப் பிறகு ஒருமுறை. முடிந்ததும் காந்தநீக்கம். விட்டுவிட்டால் இரும்புத் துகள்கள் பேரிங்குக்குள் இழுபடும்.

#13 சுழலி

வரைபடத்தை இப்படி மாற்றுகிறேன், பாருங்கள்: 1045, நார்மலைஸ் செய்தது. சீல் பட்டை இண்டக்ஷன் 50–55 ராக்வெல் சி, கிரைண்டிங்குக்குப் பின் ஆழம் 1.5–2, தோளுக்கு 5 முன்பே முடிவு. டெம்பர் 170 டிகிரி, ஒரு மணி நேரத்துக்குள் தொடக்கம். கீவே மென்மையாகவே இருக்கும், அடிமூலை ஆரம் 0.3. தொங்கல் 60-க்குக் குறைப்பு. கடினத்தன்மையை எங்கே குத்திப் பார்ப்பது?

#14 உலைத்தீ

சரியாக இருக்கிறது. "ஆழம்" என்று மட்டும் எழுதாமல் எந்தக் கடினத்தன்மை வரை அளப்பது என்பதையும் சேருங்கள். இல்லாவிட்டால் உலைக்காரர் ஒன்றும் பரிசோதகர் ஒன்றும் அளப்பார்கள். அது ஒரு மாதிரியைக் குறுக்காக வெட்டி விக்கர்ஸில் பார்க்க வேண்டிய அளவு.

ஷாஃப்ட்டின்மேல் குத்துவது பட்டையின் ஓரத்தில், சீல் உதடு ஓடும் கோட்டிலிருந்து 4–5 மி.மீ. தள்ளி. உதட்டின் பாதையில் ஒரு குத்துக்குழி இருந்தால் அதன் வழியே எண்ணெய் கசியும். அடுத்தடுத்த குழிகளுக்கு நடுவே குழி விட்டத்தின் மூன்று மடங்காவது விடுங்கள். வளைந்த பரப்பில் ராக்வெல் எண் கொஞ்சம் குறைவாகவே காட்டும் என்பதால் திருத்த அட்டவணையைப் பார்த்து எழுதுங்கள், ஷாஃப்ட்டை வி-பிளாக்கில் வைத்துத்தான் குத்த வேண்டும்.